பிள்ளை மனமும் மாலைப் பொழுதும்

பிள்ளைகளின் நலனைப் பற்றிப் பேசாத தொழிலாளர் கூட்டம் கிடையாது. பள்ளிக்கூடம், பஸ், புத்தகம், சட்டை, சப்பாத்து, பாடத்துணை வகுப்பு என்று எத்தனையோ செய்திகளை நாம் பேசுகிறோம், தீர்மானம் போடுகிறோம், மகஜர் கொடுக்கிறோம். இவை எல்லாம் வேண்டியவையே. ஆனால், பிள்ளையின் வயிற்றையும் படிப்பையும் பற்றிக் கவலைப்படுகிற நாம், அதன் மனத்தைப் பற்றிக் கவலைப்படுகிறோமா? அதற்கென்று ஒரு கூட்டத்திலாவது அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறோமா?

"பிள்ளைக்கு மனமாவது, கவலையாவது! மூன்று வேளை சோறு போட்டால் தானாக வளர்கிறது" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறோம். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்விலே, 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவரிடம் மனச்சோர்வின் அடையாளங்கள் காணப்பட்டன. இது ஏதோ கோலாலம்பூர்ப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் கதை அன்று. நாடு முழுவதிலுமுள்ள பள்ளிப் பிள்ளைகளின் கதை. நம் பிள்ளைகளும் அந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

"இதைச் சங்கப் பத்திரிகையில் எழுதுவானேன்? சம்பளத்தையும் போனசையும் பற்றி எழுதக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். சம்பளம் எதற்காக? குடும்பத்திற்காக. குடும்பம் யாரை நம்பி நாளையை எதிர்பார்க்கிறது? பிள்ளைகளை நம்பி. அப்படியிருக்க, பிள்ளை மனம் வாடிப்போனால், வாங்கிய சம்பள உயர்வினால் என்ன பயன்? ஆகவே இதுவும் தொழிலாளர் பிரச்சினைதான் என்பது நம் உறுதியான கருத்து.

முதலில், தோட்டத்துக் குடும்பத்தின் ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். குளிர்ந்த விடியற்காலையில்தான் பால் நன்றாக இறங்கும். இது மரத்தின் இயற்கை; இதை எந்தத் துரையும் மாற்ற முடியாது, எந்தச் சங்கமும் மாற்ற முடியாது. ஆகவே பால்வெட்டுத் தொழிலாளியின் வீட்டிலே விடியற்காலம் குடும்பத்துக்குச் சொந்தமில்லை. பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போதே பெற்றோர் பிரட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்நாளில் கைக்குழந்தையைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு போய், ஆயாக் கொட்டகைத் தொட்டிலிலே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் ஓடிய தாய்மார் எத்தனை ஆயிரம் பேர்! காலை வேளையில் குடும்பமாக உட்கார்ந்து பசியாறுவது என்பது நம் வீடுகளிலே ஞாயிற்றுக்கிழமைக் கதைதான்.

அப்படியும் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு துணை இருந்தது. லயத்திலே பக்கத்து வீட்டுப் பெரியம்மா இருந்தாள். எதிர் வீட்டு அக்காள் இருந்தாள். அஞ்சடியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே கதை சொல்லப் பாட்டி இருந்தாள். அழுகிற பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்ள ஒரு கை எப்போதும் இருந்தது. லயத்து வாழ்க்கையைப் பொற்காலமென்று நாம் பாடவில்லை. கள்ளுக்கடைச் சண்டையும், பிரம்படியும், பசியும் அங்கே இருந்தன. ஆனால் பிள்ளை தனியாக இல்லை.

இன்றைய நிலை என்ன? 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது கலைந்த குடும்பங்கள் பல. பின்னர் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதும், வீடமைப்புக்கென்று நிலத்தை விற்றபோதும் வெளியேறிய குடும்பங்கள் இன்னும் பல. ஒரே லயத்தில் இருந்த பத்துக் குடும்பங்கள் இன்று பத்து ஊர்களில் அடுக்குமாடி வீடுகளிலே பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. தோட்டத்தில் எஞ்சியிருப்போருக்கும் அக்கம்பக்கம் முன்போல் இல்லை. லயம் செய்துவந்த வேலையை இப்போது வீடு ஒன்றே செய்ய வேண்டியிருக்கிறது. இதை நாம் உணர்ந்தாக வேண்டும்.

இதற்குப் பணம் வேண்டுமா? பெரிய படிப்பு வேண்டுமா? வேண்டியதில்லை. வேண்டியது பழக்கம். நாள்தோறும், ஒரே மாதிரி, தவறாமல் நடக்கிற சின்னஞ்சிறு பழக்கம். குடும்பங்களின் அன்றாடப் பழக்கங்களைப் பற்றி 50 ஆண்டுகளாக வெளிவந்த ஆராய்ச்சிகளை, 2002ஆம் ஆண்டில் பார்பரா ஃபீஸ் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய தோழர்களும் தொகுத்து ஆராய்ந்தார்கள். சேர்ந்து உண்பது, நேரத்தோடு உறங்குவது, கூடிக் கொண்டாடுவது போன்ற பழக்கங்கள் நிலைத்திருக்கிற குடும்பங்களுக்கும், அங்கே வளரும் பிள்ளைகளின் உடல்நலம், மனநலம் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அறிஞர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா? "தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று நம் பாட்டிமார் எப்போதோ சொல்லிவைத்தார்களே!

அப்படிப்பட்ட பழக்கங்கள் சிலவற்றை இங்கே எடுத்துரைக்கிறோம்.

முதலாவது, மாலைச் சாப்பாடு. காலை நமக்குச் சொந்தமில்லையென்றால் மாலையையாவது சொந்தமாக்கிக் கொள்ள வேண்டும். வறுத்த கருவாடும் ரசமும் ஆனாலும் சரி, வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து உண்ண வேண்டும். தகப்பனுக்கு முதலில், பிள்ளைகளுக்கு அடுத்து, தாய்க்கு எல்லோரும் எழுந்த பிறகு மிச்சம் என்ற பழைய முறையை விட்டொழிக்க வேண்டும். உண்ணும் அந்த அரைமணி நேரம் கைப்பேசி அலமாரியில் இருக்கட்டும், தொலைக்காட்சி உறங்கட்டும். "இன்று என்ன நடந்தது?" என்று ஆளுக்கொரு செய்தி சொல்லட்டும். தகப்பனும் சொல்லட்டும்: "இன்றைக்கு மழை, பாதி நிரையோடு திரும்பினோம், மங்கெல்லாம் தண்ணீர்" என்று. அதைக் கேட்கிற பிள்ளை, சோறு எங்கிருந்து வருகிறதென்று அறிந்துகொள்ளும். கஷ்டத்தைப் பற்றி வெட்கமில்லாமல் பேசலாம் என்பதையும் அறிந்துகொள்ளும்.

இரண்டாவது, காது கொடுத்துக் கேட்பது. பிள்ளை வந்து "பள்ளியிலே என்னை அடித்துவிட்டான்" என்று சொன்னவுடன், "நீ என்ன செய்தாய்?" என்று பாய்கிறோம். அல்லது "ஆண்பிள்ளை அழலாமா?" என்று வாயை அடைக்கிறோம். அடுத்த முறை அது நம்மிடம் வராது. எவனிடம் போகும்? காது கொடுப்பவனிடம் போகும். அவன் நல்லவனாக இருந்தால் நம் அதிர்ஷ்டம். குண்டர் கும்பலுக்கு ஆள் சேர்ப்பவனாக இருந்தால்? நம் இளைஞர்களில் ஒரு பகுதியினர் எப்படி அந்தப் படுகுழியில் விழுந்தார்கள் என்று நாம் கண்ணீர் விடுகிறோம். "தம்பி, சாப்பிட்டாயா?" என்று அன்போடு கேட்க வெளியே ஒருவன் இருந்தான், வீட்டில் ஆளில்லை. பல கதைகளின் தொடக்கம் இவ்வளவுதான்.

மூன்றாவது, குடும்பக் கதையைச் சொல்வது. அமெரிக்காவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற இரு அறிஞர்கள், பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டு ஆராய்ந்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்தில் நேர்ந்த துன்பங்கள் யாவை என்பன போன்ற கேள்விகள் அவை. குடும்பத்தின் கதையை நன்றாக அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தம் வாழ்வைத் தாமே நடத்த முடியும் என்ற எண்ணமும் மேலோங்கியிருந்ததைக் கண்டார்கள்.

தோழர்களே, நம்மிடம் இல்லாத கதையா? நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கை அடைந்து, ஜெரஜாத் தீவிலே ஒதுக்கி வைக்கப்பட்டு, தகரப் பெட்டியோடு தோட்டத்துக்கு வந்த கொள்ளுப்பாட்டனைப் பற்றி உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? ஜப்பானியர் காலத்தில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களில் உங்கள் குடும்பத்தார் யார் என்று சொல்லியிருக்கிறீர்களா? திரும்பி வராதவரின் பெயரைச் சொல்லியிருக்கிறீர்களா? ஆண் துணையில்லாமல் நிரை பிடித்து, மரம் வெட்டி, நான்கு பிள்ளைகளை ஆளாக்கிய பாட்டியின் கதை எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது. அதை வீட்டில்தான் சொல்ல வேண்டும். "நாம் கூலிக்காரர் பிள்ளைகள்" என்று தலைகுனிகிற பிள்ளை, அந்தக் கதையைக் கேட்டபின் தலைநிமிரும்.

நான்காவது, உறக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து பள்ளி பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளை, இரவு எட்டரைக்கெல்லாம் படுத்தாக வேண்டும். எத்தனை வீடுகளிலே அது நடக்கிறது? இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சம்! உறக்கமில்லாத பிள்ளை எரிந்து விழுகிறது, பாடம் ஏறுவதில்லை, ஆசிரியரிடம் திட்டு வாங்குகிறது, வீட்டில் மறுபடி திட்டு வாங்குகிறது. குற்றம் பிள்ளையினுடையதா, கடிகாரத்தினுடையதா? ஒரு வயதுக் குழந்தைக்குக் கைப்பேசியைக் காட்டவே கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிலே அறிவித்திருக்கிறது. சோறூட்டக் கைப்பேசி, அழுகையை நிறுத்தக் கைப்பேசி என்று பழக்குகிற இளந்தாய்மார் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

ஐந்தாவது, வாய்ச்சொல். பால்வெட்டுத் தொழிலாளிக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. உளியைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினால் என்ன ஆகிறது? மரத்தில் காயம் விழுகிறது. அன்றைக்குப் பாலென்னவோ வரத்தான் செய்யும். ஆனால் ஆண்டுகள் கழித்து, புதுப்பட்டை வளர்ந்த அதே இடத்துக்கு உளி திரும்பி வரும்போது, அங்கே முண்டும் முடிச்சுமாக இருக்கும், வெட்ட முடியாது. பிள்ளையிடம் "உருப்படாதவனே", "நீ பிறந்த நேரம்தான்", "அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று நாம் சொல்கிற சொல்லும் அத்தகையதே. அன்றைக்கு வேலை நடந்துவிடும். காயம் பின்னால் தெரியும். மரத்துக்குக் காட்டுகிற பக்குவத்தை மகனுக்குக் காட்டக் கூடாதா?

"அடியாத மாடு படியாது" என்று பழமொழி பேசுவோருக்கு நம் விடை இதுதான்: பிள்ளை மாடு அன்று. கண்டிப்பு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. செய்த தவற்றைச் சொல்லிக் கண்டியுங்கள். பிள்ளையையே தவறு என்று சொல்லாதீர்கள். குடித்துவிட்டு வந்து கண்டிக்கிற தகப்பனைப் பற்றி நாம் விரிவாக எழுத வேண்டியதில்லை. அவன் கையில் பிரம்பு இருந்தாலும் சரி, மிட்டாய் இருந்தாலும் சரி, பிள்ளைக்கு அவனிடம் ஒன்றுதான் தோன்றும், அது பயம். இன்று எப்படி வருவானோ என்று வாசலைப் பார்த்து நடுங்குகிற பிள்ளைக்கு வேறு எந்தப் பழக்கமும் ஆறுதல் தராது.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு தோழர் கேட்கக்கூடும்: "ஐயா, மரம் வெட்டி, பால் தூக்கி, ஒட்டுப்பால் பொறுக்கி, வீடு வந்தால் முதுகு ஒடிகிறது. வரவு பற்றாமல் மாலையில் வேறு வேலைக்கும் போகிறோம். இதில் கதை சொல்ல ஏது நேரம்?" இக்கேள்வி நியாயமானது. நேரமில்லாத வீட்டிலே பழக்கம் எப்படி வேரூன்றும்? பெற்றோருக்கு உபதேசம் செய்துவிட்டு, அவர்களுடைய நேரத்தைப் பிடுங்குகிற நிர்வாகத்தைக் கேள்வி கேட்காமல் விடுவது நேர்மையாகாது.

இங்கேதான் சங்கத்தின் கடமை வருகிறது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து தீபகற்ப மலேசியாவில் வார வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மணமான ஆண் தொழிலாளிக்கு, ஐந்து பிரசவங்கள் வரையில், ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. அதே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். 30 நாளுக்கு முன்னரோ, பிள்ளை பிறந்தபின் இயன்ற விரைவிலோ தெரிவித்திருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதும் சட்டம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக நிர்ணயிக்கப்பட்டது. இவை காகிதத்தில் இருந்தால் போதுமா? அந்த ஏழு நாள் விடுமுறையைக் கேட்டு வாங்கியவர் நம் கிளையில் எத்தனை பேர்? "எனக்குத் தெரியாதே" என்று சொல்வோர்தான் அதிகம். இந்த விடுமுறையும் ஓய்வு நாளும் முதலாளி போடுகிற பிச்சை அல்ல; நம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய நேரம். அதை விட்டுக்கொடுப்பது பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுப்பதாகும்.

குழந்தைக் காப்பகமும் அப்படியே. போதிய அளவில் குழந்தைகள் உள்ள தோட்டங்களில் காப்பகம் அமைப்பதற்கு 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் வகை செய்திருக்கிறது. கொட்டகை ஒன்று கட்டிப் பெயர்ப்பலகை மாட்டினால் ஆயிற்றா? ஆயா அன்பானவரா, பிள்ளைகளோடு பேசுகிறாரா, பாட்டும் விளையாட்டும் உண்டா, ஓராள் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார் என்பதைக் கிளைச் செயலவையினர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நாளின் முதல் பாதி முழுவதும் பிள்ளை இருக்குமிடம் அது. அங்கே வேலை செய்கிறவருக்கு நல்ல சம்பளமும் மரியாதையும் கேட்பதும் நம் கடமையே.

கிராணிமாருக்கும் ஒரு வார்த்தை உண்டு. நாமும் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்தாம். ஆகவே உரிமையோடு சொல்கிறோம். தொழிலாளி ஒருவர் தம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு வருகிறார். பள்ளிக்கு ஒரு கடிதம் வேண்டும். அல்லது சம்பளக் கணக்கில் ஒரு சந்தேகம். அவரை வெயிலில் நிற்க வைத்து, "என்னடா?" என்று கேட்கிற கிராணி, எதை உடைக்கிறார் தெரியுமா? அந்தப் பிள்ளையின் கண்ணிலே தகப்பன் என்ற மலையை உடைக்கிறார். தகப்பன் குனிந்து நிற்பதைப் பார்த்த பிள்ளை, ஒன்று தகப்பனை வெறுக்கும். அல்லது உலகத்தை வெறுக்கும். "வாங்க, உட்காருங்க, தம்பி என்ன படிக்கிறது?" என்று கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம். அந்த அரை நிமிடம் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் பல ஆண்டுகள் நிலைக்கும். மண்டோர்மாரும் இதைக் கவனிக்கட்டும். தொழிலாளியின் மானத்துக்காக நாம் நடத்துகிற போராட்டம், அவர் பிள்ளையின் மனத்துக்காக நடத்துகிற போராட்டமும் ஆகும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. பழக்கங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தும், சில பிள்ளைகளின் மனம் நோயுறலாம். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பிள்ளை உண்ணாமல், உறங்காமல், விளையாட்டில் நாட்டமின்றி, யாரோடும் பேசாமல் ஒதுங்கியிருந்தால், "பேய் பிடித்தது", "கண்ணேறு பட்டது" என்று நாளைக் கடத்தாமல் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசாங்கத்தின் அன்புத் தொலைபேசி எண் 15999 இருக்கிறது. காய்ச்சலுக்கு மருந்து வாங்க வெட்கப்படுவதில்லையே. இதற்கு மட்டும் வெட்கம் ஏன்?

தனியாக நின்று பிள்ளை வளர்க்கிற தாய்மாரும், பேரப்பிள்ளைகளை வளர்க்கிற பாட்டிமாரும் நம்மில் பலர். "தாயும் தகப்பனும் சேர்ந்திருக்கிற வீட்டுக்குத்தானே இதெல்லாம்?" என்று அவர்கள் மனம் தளர வேண்டாம். பிள்ளைக்கு வேண்டியது ஆட்களின் எண்ணிக்கை அன்று. மாறாமல் வந்து நிற்கிற ஒரு முகம். தவறாமல் கிடைக்கிற ஒரு வேளைச் சாப்பாடு. படுக்கும்போது தலையைத் தடவுகிற ஒரு கை. ஒருவரே ஆனாலும் அதைத் தர முடியும்.

தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே! ரப்பர்க் கன்றை நட்டுவிட்டு, ஐந்தாறு ஆண்டு பால் வராதென்று தெரிந்தும், களை எடுத்து, உரம் போட்டு, பொறுமையோடு காத்திருந்தவர்கள் நாம். அந்தப் பொறுமை நமக்குப் புதிதன்று. ஏழு நாளில் நான்கு நாளாவது எல்லோரும் சேர்ந்து உண்பது என்று இந்த வாரமே வீட்டில் முடிவு செய்யுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் காப்பகத்தையும், தந்தையர் விடுமுறையையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி செயலாளரிடம் இன்றே எழுதிக் கொடுங்கள். வீட்டு வேலையை வீடு செய்யட்டும். சங்கத்து வேலையைச் சங்கம் செய்யட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நம் பிள்ளைகள் மனம் கலங்காமல் வளர்வார்கள்.